கறுத்துப்போன குடுவைகள்

"வெட்டாதம்மா! அதை மட்டும் விட்டுடு!"

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மருமகளின் கத்தரிக்கோல் காம்பைக் கவ்வியபடி நின்றது.

கீழே காரில் அவள் கணவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மாமனாருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிற வழியாக இல்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டக் கூட்ட, அதுவும் போட்டி போட்டு ஏறியது. 'இன்னிக்கே கொண்டுவந்து சேர்த்துடுங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சா அப்புறம் என்னைக் கேக்காதீங்க' என்று போனில் சொல்லிவிட்டார்.

"மாமா, நீங்க சட்டையை மாட்டுங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இது தாங்காது. பாருங்க, அடியில கறுக்க ஆரம்பிச்சாச்சு."

பால்கனியில் தொங்கியது அந்தக் குடுவைச் செடி. இலைநுனியில் ஜாடி ஜாடியாகக் காய்த்தாற்போல் இருக்கும். உள்ளே விழுந்த பூச்சியைச் சத்தமில்லாமல் ஜீரணித்துவிடும். முதிர்ந்த குடுவைகளை வெட்டி, பதப்படுத்தி, கண்ணாடிக் கூண்டில் நிறுத்தி விற்பது அவள் தொழில். மாமனார்தான் உதவியாளர். வடிவம் குலையாமல் உள்ளே பஞ்சு திணிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மற்ற செடிகளெல்லாம் தளதளவென்று இருக்க, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த இதில் மட்டும் குடுவைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து உதிர்ந்தன. உதிர்ந்ததை அவள் பார்ப்பதற்குள் அவரே பொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். மிச்சம் இது ஒன்றுதான்.

"காயவெச்சு உங்க கட்டில் பக்கத்துல வைக்கத்தான் மாமா. மண்ணோட செடியை ஆஸ்பத்திரிக்குள்ள விடமாட்டாங்க."

"நான் என்ன ஈயா, பக்கத்துலயே தொங்கவிட?"

நறுக்!

குடுவை அவள் கையில் இருந்தது. முதல் வேலை, உள்ளிருப்பதைக் கொட்டி அலசுவது. இல்லாவிட்டால் காயும்போதே அழுகி நாறும். அப்புறம்தான் பஞ்சு; அதற்கப்புறம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுக்குள் புதைப்பது.

"குடு, நான் கொட்டறேன். எப்பவும் நான்தானே கொட்டுவேன்?" மாமனாரின் கை வேகமாக நீண்டது.

"உக்காருங்க மாமா! இந்த பிரஷரை வெச்சுக்கிட்டு ஓடிவர்ற ஆளைப் பாரு!"

வாஷ்பேசினில் கவிழ்த்தாள். வழக்கமாக எறும்பும் ஈயின் இறக்கையும்தான் வந்து விழும்.

வந்தது ரோஸ் நிறக் கூழ். அதன் நடுவே, பாதி கரைந்த மாத்திரைகள்.

காலையில் அவளே அவர் உள்ளங்கையில் வைத்த அதே மாத்திரை. வாயருகே கொண்டுபோய், அந்தப் பக்கமாகத் திரும்பி, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்து, 'ஆ'வென்று வாயைத் திறந்துகூடக் காட்டினாரே!

"மாமா... பிரஷர் உங்களுக்கா, செடிக்கா?"

கேட்டுவிட்டாளே தவிர, சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"உங்க உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் என்ன பண்ணுவேன்? ஏன் மாமா இப்படி?"

ஹாரன் மறுபடி அலறியது. மாமனார் நாற்காலியில் சரிந்தார். இரண்டு கைகளையும் விரித்து, யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதைப் போட்டா கை நடுங்குதும்மா. நடுங்கற கையால பஞ்சு திணிக்க முடியுமா? அப்புறம் நீ என்னை எதுக்கும்மா கூப்பிடப் போறே?"