தோளில் இருந்த பெயர்

எங்கள் தௌலத்பூர் குடும்பத்தைப் பற்றி ரோத்தக் ஜில்லாவில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ராவ் உம்ராவ் அலி கான் ராணுவக் கோர்ட்டுக்குப் பயந்து தன் எதிரியிடம் வாளின் பிடியை நீட்டினான் என்பது ஒன்று. தம்பி மகனின் ரிசால்தார் பதவியைக் காப்பாற்ற நீட்டினான் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் அன்று அம்பாலா மைதானத்தில் இல்லை. நான் இருந்தேன்; நீட்டியவன் நான்தான். ஆகையால் எழுதுகிறேன்.

கார்வெல் குதிரைப்படையில் நாங்கள் நான்கு தலைமுறை. கார்வெல் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் படை திரட்டியபோது என் பாட்டனார் நாற்பது ஆட்களோடும் நாற்பது குதிரைகளோடும் போய்ச் சேர்ந்தார். படையின் நான்கு பிரிவுகளில் முதலாவது எங்கள் ராஜபுத்திர முஸ்லிம்களுக்கு என்று அன்றே முடிவாயிற்று. இரண்டாவது சீக்கியருக்கு, மூன்றாவது ஜாட்டுகளுக்கு, நான்காவது பட்டாணியருக்கு. குதிரை, சேணம், வாள் எல்லாம் வீரனின் சொந்தம். சர்க்கார் கொடுப்பது துப்பாக்கியும் சம்பளமும்தான். எங்களில் ஒருவனைச் சிப்பாய் என்று யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டவன் தன் பற்களை எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கும். சிப்பாய் நடப்பவன்.

1903-இல் எல்லாப் படைகளுக்கும் புதிய எண் போட்டார்கள். தோளில் குத்தும் பித்தளை எழுத்துகளில் இனிப் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும் என்று பேச்சு வந்தது. அப்போது நான் முதல் பிரிவை நடத்தும் ரிசால்தார். என் ஆட்களை மசூதி வாசலில் நிறுத்தி, பாட்டனாரின் வாளை உருவி நீட்டினேன். ஒவ்வொருவனும் அதன்மேல் கை வைத்து, "கார்வெல் பெயரைத் தவிர வேறு எதையும் என் தோளில் ஏற்றமாட்டேன்" என்று சத்தியம் செய்தான். எங்கள் கர்னல் சாமர்த்தியசாலி. இதைக் கேள்விப்பட்டு மேலே என்ன எழுதினாரோ, எண் சிறிதாகவும் பெயர் பெரிதாகவும் பித்தளை வந்து சேர்ந்தது. என் வெற்றி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து படைக்குப் போகும் ஒவ்வொருவனும் முதலில் என் வீட்டுக்கு வந்து அந்த வாள்மேல் கை வைத்துவிட்டுத்தான் ரயிலேறினான். படையின் இந்திய அதிகாரிகளில் மூத்தவனாக, ரிசால்தார் மேஜராகி, ஓய்வு பெற்ற பின்னும் இது நிற்கவில்லை. சர்க்காருக்கு இது தெரியாது.

ஜெர்மன் யுத்தம் முடிந்தபின் முப்பத்துச் சொச்சம் குதிரைப்படைகளைப் பாதியாகக் குறைக்க உத்தரவு வந்தது. கார்வெல் படையும் செனாப் ஈட்டிப்படையும் ஒன்றாக்கப்பட்டன. எட்டுப் பிரிவுகள் மூன்றாயின. பெயர் அவர்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. ஓர் எண், அதன் பின்னால் குதிரைப்படை என்ற சொல், அவ்வளவுதான். டிசம்பர் மாதம் ஒரு பிற்பகல் எனக்குத் தந்தி வந்தது. "பஷாரத் அலி விஷயம். உடனே வரவும்." கீழே புதிய கர்னல் வெதர்பியின் பெயர்.

பஷாரத் என் தம்பியின் மகன். தம்பி மெசபடோமியாவில் கார்வெல் எழுத்தைத் தோளில் வைத்துக்கொண்டே மண்ணுக்குள் போனவன். பஷாரத் இப்போது முதல் பிரிவின் ரிசால்தார்; செனாப் படையின் ராஜபுத்திர முஸ்லிம்கள் அதில் இன்னும் வந்து சேரவில்லை.

காலை ஏழு மணிக்கு அம்பாலாவில் இறங்கினேன். படைக்குப் போகும்போது சாதா உடையில் போகும் வழக்கம் எனக்கு இல்லை. முழு உடுப்பு, பதக்கங்கள், இடுப்பில் பாட்டனாரின் வாள். என் காலத்திலிருந்தே முதல் பிரிவில் இருக்கும் தஃபேதார் நன்ஹே கான் குதிரை வண்டியோடு காத்திருந்தான்.

"வாங்க சாகிப். நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் மூணு மணி நேரம் போயிருந்தா எங்கள ஜெயில்லதான் பாத்திருப்பீங்க. அங்க பார்வை நேரம் வெள்ளிக்கிழமை மட்டும்."

"வாய மூடு. என்ன நடந்துச்சு?"

"புதுப் பித்தளை வந்துச்சு. எழுபத்து நாலு பேரும் தொடல. பத்து மணிக்கு ஜெனரல் வர்றாரு. அதுக்குள்ள குத்திக்கிட்டு மைதானத்துல நிக்கலேன்னா ஆயுதத்தப் பிடுங்கச் சொல்லி உத்தரவு."

லாயங்களுக்கு அப்பால் காலாட்படை ஒன்று வரிசையாக நின்றது. துப்பாக்கிகளில் கத்தி செருகியிருந்தார்கள். முன்னால் நின்ற சுபேதார் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குதிரைவீரர்களைக் காவல் காக்கக் காலாட்கள்! என் முகம் சுட்டது.

கர்னல் வெதர்பி ஆபீஸ் வாசலிலேயே நின்றார். செனாப் படைக்காரர். எங்கள் பேச்சை நன்றாகப் பேசுவார்.

"ரிசால்தார் மேஜர் சாகிப், நடக்கிறதுக்கு நான் இன்னும் பேர் வைக்கல. பத்து மணிக்கு ஜெனரல் வைப்பாரு. அவர் வைக்கப்போற பேருக்குத் தண்டனை என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும், சாகிப்."

"தலைவன்னு பஷாரத்தத்தான் எழுதுவாங்க."

1857-இல் கலகம் செய்தவர்களை மரத்தில் தூக்கிலிட்டபோது சர்க்கார் பக்கம் நின்ற குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தின் வாரிசு கலகக்காரன் என்று பட்டியலில் ஏறப்போகிறான். நான் முதல் பிரிவின் முற்றத்துக்கு நடந்தேன்.

குதிரைகளுக்குச் சேணம் பூட்டித் தயாராக இருந்தது. ஆட்கள் முழு உடுப்பில் கயிற்றுக் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தோள்களிலும் பழைய எழுத்து. தாழ்வாரத்தில் ஒரு கூடை நிறையப் புதிய பித்தளை, கை படாமல் மின்னியது. என்னைக் கண்டதும் எழுபத்து நான்கு பேரும் எழுந்து விறைத்து நின்றார்கள். பஷாரத் முன்னால் வந்து சலாம் வைத்தான்.

"அத எடுத்துக் குத்திக்கோ" என்றேன்.

"முடியாது பெரியப்பா."

"சர்க்கார் உத்தரவு."

"குதிரை எங்களோடது. சேணம் எங்களோடது. செத்தவங்க எங்களவங்க. பேரு மட்டும் சர்க்காரோடதா?"

அவன் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. அது வேறு விஷயம்.

"உங்க அப்பா பேரக் கெடுக்காதே. உன்ன விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறத நான் பாக்கணுமா?"

"அப்பா பேருக்காகத்தான் உக்காந்திருக்கோம். நீங்க வாங்கின சத்தியம், பெரியப்பா. மறந்துட்டீங்களா?"

பின்னாலிருந்து யாரோ, "நாங்க மறக்கல" என்றான்.

"சரி. நானே விடுவிக்கிறேன். இந்த நிமிஷத்துலருந்து அந்தச் சத்தியம் கிடையாது. போதுமா?"

பஷாரத் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் விரும்பவில்லை.

"வாயாலயா? வாயாலயா வாங்கினீங்க? எனக்கு அப்போ பதினேழு வயசு. உங்க வீட்டுல, உங்க இடுப்புல இருக்கிற இதே வாள் மேல கை வெச்சேன். 'இந்த வாள் கார்வெல்லோடது, நீ இந்த வாளோட ஆளு'ன்னு சொன்னீங்க. வாள் இன்னும் கார்வெல்லோடதுதானே? அப்ப நாங்களும் அங்கதான். இது எங்க போகுதோ அங்க வர்றோம். அதுக்கு முன்னால ஒருத்தன் நகர மாட்டான்."

நான் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். மணி எட்டே முக்கால்.

அவன் கேட்டது என்ன என்று குதிரைப்படையில் இருந்த எவனுக்கும் தெரியும். வாளின் பிடியை முன்னால் நீட்டுவது என்றால், இந்த வாளும் இதை ஏந்துபவனும் உங்களுடையவர்கள் என்று பொருள். எதிரே நிற்பவர் பிடியைத் தொட்டால் ஏற்றுக்கொண்டார். தொடாவிட்டால், நீட்டியவன் அந்த இடத்திலேயே செத்தவனுக்குச் சமம். பணியில் இருப்பவர்களின் வாளைக் கர்னல் தொடுவார். ஓய்வு பெற்றவர்களின் வாளைத் தொடுவது படையின் ரிசால்தார் மேஜர். இரண்டு படைகளிலும் அதுதான் வழக்கம்.

புதிய படையின் ரிசால்தார் மேஜர் ராணா வாரிஸ் கான்.

பதினெட்டு வருஷங்களுக்கு முன் தில்லி முகாமில், செனாப் படைக் கூடாரத்தில், இந்த வாரிஸ் கான் எழுந்து நின்று தன் ஹுக்காவின் குழாயை என்னிடம் நீட்டினான். அப்போது அவன் ஜமேதார், என்னைவிடக் கீழே. அவனுடைய பாட்டன் ஒரு துரையிடம் குதிரை தேய்த்தவன் என்று எனக்குத் தெரியும். நான் குழாயை ஒதுக்கிவிட்டு, கூடாரம் முழுதும் கேட்க, "லாயம் கழுவின கையிலருந்து நான் குழாய் வாங்குறதில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குழாயைச் சுற்றி வைத்துவிட்டு வெளியே போனான்.

"சாகிப், ஒரு வார்த்த" என்று நன்ஹே கான் காதருகே வந்தான். "நான் போய் ராணா சாகிப்கிட்ட முன்கூட்டியே பேசிப் பாக்கட்டுமா? அவரு தொடுவாரா மாட்டாரான்னாவது தெரிஞ்சுக்கலாம்."

"கெஞ்சவா?"

"கெஞ்ச மாட்டேன். சும்மா அழுவேன்."

"வேண்டாம். என் தோள்ல இருக்கிறதக் கழட்டு."

நன்ஹேயின் விரல்கள் என் தோளில் தடுமாறின. "வர மாட்டேங்குது சாகிப். மாமியார் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு." யாரும் சிரிக்கவில்லை. ஊசி விடுபடும்போது துணி கிழிந்தது. கூடையிலிருந்து இரண்டு புதிய துண்டுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். குத்தினான். கழற்றியதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஷாரத்தைப் பார்க்காமல், "என் பின்னால வாங்க. குதிரையோட வாங்க. ஏறாதீங்க" என்றேன். அவர்கள் இன்னும் பழைய எழுத்தோடுதான் இருந்தார்கள். கூடையை இருவர் தூக்கிக்கொண்டார்கள்.

மைதானத்தில் மற்ற இரண்டு பிரிவுகளும் வரிசையில் நின்றன. முதல் பிரிவின் இடம் பல் விழுந்த ஈறு போலக் காலியாக இருந்தது. கர்னல் குதிரைமேல். அவருக்கு முன்னால் வாரிஸ் கான் தரையில் நின்றான். தாடி நரைத்திருந்தது. முதுகு வளையவில்லை. எனக்கு அது பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நூற்றிருபது அடி நடந்தேன். அறுபத்தாறு வயதில் அது தூரம் அல்ல. அன்று தூரமாக இருந்தது. அவனுக்கு மூன்று அடி முன்னால் நின்று, வாளை உருவி, திருப்பி, அலகை முன்கைமேல் கிடத்தி, பிடியை அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் பிடியைப் பார்த்தான். கை பக்கத்திலேயே இருந்தது.

எங்கேயோ ஒரு குதிரை கடிவாளத்தைக் கடித்தது. லாயத்துக்கு அப்பால் காலாட்படைக்கு யாரோ உத்தரவு கொடுக்கும் சத்தம் கேட்டது. நான் பிடியை இன்னும் ஓர் அங்குலம் முன்னால் நீட்டினேன்.

"பேரு?" என்றான் வாரிஸ் கான்.

என் பெயர் அவனுக்குத் தெரியாதா! ஆனால் கேட்பது அவன் உரிமை. வழக்கத்தில் அதுவும் உண்டு.

"ராவ் உம்ராவ் அலி கான். ஓய்வு பெற்ற ரிசால்தார் மேஜர்."

"எந்தப் படை?"

என் பின்னால் எழுபத்து நான்கு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். அவர்களுக்காகத்தான் கேட்கிறான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவமானப்படுத்த நினைத்திருந்தால் பேசாமல் நின்றிருந்தாலே போதும். நான் அந்த எண்ணைச் சொன்னேன். உரக்கச் சொன்னேன், கடைசி வரிசை வரை கேட்கும்படி. இங்கே அதை எழுதவில்லை. ஒருமுறை சொன்னது போதும்.

வாரிஸ் கான் வலது கையை உயர்த்தி வாள்பிடிமேல் வைத்தான். விரல் நுனியால் அல்ல, முழு உள்ளங்கையால். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"கை கழுவிட்டுத்தான் வந்திருக்கேன், ராவ் சாகிப்."

நான் வாளை உறையில் போட்டுத் திரும்பினேன். பஷாரத்தின் முகம் வெளுத்திருந்தது. அவன் கூடைக்குள் கைவிட்டு இரண்டு துண்டுகளை எடுத்தான். அவனுக்குப் பின்னால் ஒருவன், அப்புறம் ஒருவன். ஊசிகள் குத்தும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவன் அழுதுகொண்டே குத்திக்கொண்டான். நான் அவனைத் திட்டவில்லை. ஜெனரலின் கார் வாசலில் திரும்பியபோது முதல் பிரிவு தன் இடத்தில் குதிரைமேல் இருந்தது. பத்துக்கு நான்கு நிமிஷம்.

நடந்ததற்குப் பேர் வைக்கப்படவே இல்லை.

அன்று மதியம் வாரிஸ் கானின் வராந்தாவில் ஹுக்கா வந்தது. அவன் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே குழாயை நீட்டினான். நான் வாங்கினேன். மூன்று இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பழைய கூடாரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. குதிரைகளுக்கு வரும் தோல் நோயைப் பற்றிப் பேசினோம்.

இப்போது கதைகளுக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவனை எந்த ராணுவக் கோர்ட்டும் இழுக்க முடியாது. எனக்குப் பயம் எதற்கு? பதவி விஷயம்: இரண்டு படைகளின் ராஜபுத்திர முஸ்லிம் பிரிவுகளும் ஒன்றானபோது ரிசால்தார் நாற்காலி ஒன்றுதான் மிஞ்சியது. செனாப் பிரிவின் ரிசால்தார் மூத்தவர். மார்ச் மாதம் பஷாரத்தைப் பென்ஷனில் அனுப்பிவிட்டார்கள். இப்படித்தான் ஆகும் என்று அன்று காலையிலேயே எனக்குத் தெரியும். கர்னல் ஒளிக்கவில்லை. ஆனால் எழுபத்து நான்கு பேரில் ஒருவனும் விலங்கோடு ஊர் திரும்பவில்லை.

பஷாரத் ஊருக்கு வந்தும் என் வாசலை மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஈத் அன்று தொழுகை முடிந்து எல்லோரும் தழுவிக்கொள்ளும்போது எதிரே வந்து நின்றான். வழக்கப்படி மூன்று முறை, இந்தத் தோள், அந்தத் தோள், மறுபடி இந்தத் தோள். அவன் தோளில் எந்த எழுத்தும் இல்லை. என் தோளிலும் இல்லை.

விலகும்போது, "அம்பாலா ஹுக்கா நல்லா இருந்துச்சாமே, பெரியப்பா?" என்றான்.

"சுமார்தான்" என்றேன்.