ஐந்தாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

பேஸ்பால் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸின் நடுவில் கர்ட் ஹாலினை வெளியே எடுத்தார்கள்.

காயமில்லை. தப்பும் செய்யவில்லை. இரண்டாம் பேஸில் ஒழுங்காக நின்றவனை மேனேஜர் ஓடெல் கைகாட்டிக் கூப்பிட்டு, வேறொருவனை அனுப்பினார். பெரிய லீகுக்கு ஒரு படி கீழே ஆடுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மேலே கூப்பிட்டுவிட்டார்கள்!

கர்ட்டுக்கு முப்பத்து நான்கு. பன்னிரண்டு வருடம், ஒன்பது அணி. எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்கிற ஆள். பெரிய லீகில் ஒரே ஒரு நாள்கூட ஆடியதில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் நெப்ராஸ்காவின் ஜூலை வெயில்.

அணி உட்காரும் பள்ளத்துக்குப் படி இறங்குவதற்குள் பத்துப் பேர் கட்டிப்பிடிக்க மேலே விழுந்தார்கள்.

"தாத்தா! ஒருவழியா விசா கிடைச்சிருச்சா?"

"டிவியில காட்டுவாங்க, மூக்கை நோண்டிராதே!"

மேலே போகிறவன் பேட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இருந்த இரண்டையும் கர்ட் கொடுத்தான். அதில் நல்லதை, மூன்று வாரமாக ஒரு ஹிட்கூட இல்லாத லமார் டிக்ஸுக்கு. பிறகு உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

ஓடெல் பக்கத்தில் வந்தார். "மேல போறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதானே வெளிய எடுத்தீங்க, பாஸ்?"

"மேல இருக்கற டீமோட ரெண்டாம் பேஸ்காரனுக்கு மணிக்கட்டுல பந்து பட்டிருச்சு. எக்ஸ்ரே எடுக்கறாங்க. அதுக்குள்ள உனக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு உக்கார வெச்சேன்."

சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் திடீரென்று மைதானத்தைப் பார்க்கிற வேலை வந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் போன் அடித்தது. ஓடெல் இரண்டு தடவை 'சரி' சொல்லி வைத்தார்.

"வீக்கம்தான். எலும்பு உடையல."

"அப்ப நான் உள்ள போறேன்."

"எப்படிப் போவே? வெளிய வந்தா வந்ததுதான்."

அந்த விதி கர்ட்டுக்குத் தெரியாததா? வாய் முந்திவிட்டது.

"முதல் பேஸ் கோச்சுக்கு வெயில்ல தலை சுத்துதாம்," என்றார் ஓடெல். "போய் நிக்கறியா?"

கோச் வேலைக்கு வரச் சொல்லி இந்த வருடம் இரண்டு தடவை கேட்டிருந்தார். இரண்டு தடவையும் முடியாது என்றிருந்தான். பேஸுக்குப் பக்கத்தில் கோச் நிற்கப் போட்ட கட்டத்துக்குள் ஒருமுறை நின்றவனை யாரும் ஆட்டக்காரன் என்று நினைப்பதில்லை.

ஷூ கயிற்றைக் கட்டினான். "இன்னிக்கு மட்டும்."

எட்டாவது இன்னிங்ஸ். டிக்ஸ் அடித்த பந்து ஆட்களுக்கு நடுவே இடைவெளியில் உருண்டது. கர்ட் நிற்கும் முதல் பேஸில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"தாத்தா! உன் பேட்டுல மந்திரம் இருக்கு!"

"ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் குடு."

"குடுத்ததைக் கேக்கறியே, வெக்கமாயில்ல?"

"இல்ல. நாளைக்கு எனக்கு மேட்ச் இருக்கு." கர்ட் அவன் தோளைத் திருப்பிவிட்டான். "பேச்சு போதும். பந்து யார் கையில இருக்கு, அதைப் பாரு."