பூவுக்குச் சட்டை தைத்த மாஸ்டர்

"நீங்க என்ன பூச்சி?"

தையல் கடையின் பின்னறையில், வெட்டு மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி ஏழு வயதுப் பெண் ஒருத்தி இப்படிக் கேட்டபோது, கட்டிங் மாஸ்டர் ஒரு கால்சட்டையின் இடுப்பளவைக் குறித்துக்கொண்டிருந்தார். கோடு லேசாகக் கோணிவிட்டது. அவர் போட்ட கோடு கோணி அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

"நானா? நான் பூச்சி இல்ல. மாஸ்டர்."

"அது வேலை. பூச்சி என்னன்னு கேட்டேன்."

பள்ளிக்கூடத்தில் அன்று பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சிகளைப் பற்றிப் பாடம். வீட்டைச் சுற்றிப் பார்த்த பூச்சிகளை எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். வீட்டைச் சுற்றி அவள் கண்ணில் பட்டது ஒரு கொசு. கொசுவை வைத்து ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது? அதனால் சாயங்காலம் அம்மா வேலை செய்யும் கடைக்கு வந்ததும், அங்கே இருந்த ஆட்களையே பூச்சிகளாக்கிவிட்டாள்.

அளவெடுக்கும் பெண் பட்டாம்பூச்சி. ஒரு இடத்தில் நிற்பதில்லை, தினம் ஒரு நிறம். துணி தேய்க்கும் அண்ணாச்சி கருவண்டு. "நீங்க சத்தம் மட்டும்தான் பெருசா போடுவீங்க. கொட்ட மாட்டீங்க."

"பாத்தியா, பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு நான் நல்லவன்னு," என்றார் அண்ணாச்சி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "மாஸ்டர் யாரு? அதைச் சொல்லு முதல்ல."

குழந்தை மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள். "குளவி. ஒல்லி இடுப்பு. எப்பப் பாத்தாலும் கோவம்."

அறையில் மூன்று தையல் இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றன. அண்ணாச்சி தண்ணீர் தெளிக்கும் குப்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டைத் தட்டி அழித்து மறுபடி போட்டார்.

"குளவியாவே இருந்துட்டுப் போறேன். கொட்டறதுக்கு ஒரு ஆளாவது வேணும் இங்க. இல்லேன்னா நீங்க எல்லாம் பட்டனை முதுகுல தைச்சு அனுப்புவீங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்ப நான் யாருடீ?"

"நீ எறும்பு."

"எறும்பா? சுறுசுறுப்பா இருக்கேன்னா?"

"இல்லம்மா. எறும்பும் பூவுக்குள்ள போகும். தேனைக் குடிச்சிட்டு வந்துடும். மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கவே குடுக்காதாம். நீயும் என் டப்பாவுல பாதி பிஸ்கட்டைத் தின்னுட்டுத்தானே மிச்சத்தைத் தர்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அம்மா காஜா அக்காவும் சிரித்தாள். கடையில் அவளுக்கு அதுதான் பெயர். ஆனால் ஊசி விரலில் ஏறிவிட்டது. பத்து வருடம் தைத்த கைக்கு அது நடக்கக்கூடாத காரியம்.

பிஸ்கட் விஷயம் அல்ல அவளைக் குத்தியது.

மூன்று வருடத்துக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்து பதினைந்தாவது நாள், ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்குக் காஜா எடுக்கக் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் கோட்டுக்கு இடப்பக்கம் காஜா வரவேண்டும். முந்தைய கடையில் பெண்கள் உடுப்பு மட்டுமே தைத்துப் பழகியவள், வலப்பக்கம் மூன்று துளைகளையும் வெட்டிவிட்டாள். வெட்டிய துணி ஒட்டாது. துணியைக் கெடுத்தால் வேலை போய்விடும் என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அந்தச் சமயம் அவள் கணவர் கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவள் கோட்டை மடித்து, குவியலின் அடியில் செருகிவிட்டு, கடவுளைக் கூப்பிட்டபடியே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அந்தக் கோட்டு ஹேங்கரில் தொங்கியது. வலப்பக்க முன்துண்டு புதிது. காலர் பிரித்துத் திரும்ப வைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் காஜா போட வேண்டிய மூன்று இடங்களில் மூன்று சிறிய வெள்ளைச் சாக்கட்டிக் கோடுகள். வேறொன்றும் இல்லை. லைனிங்கைப் புரட்டிப் பார்த்தாள். கைத்தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த அறையில் இடது கையால் தைக்கிறவர் ஒருவர்தான்.

மாஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே, "ஏம்மா, நூல் முனை தொங்குது பாரு. இது கோட்டா, தென்னந்துடைப்பமா?" என்று வழக்கம்போல் கத்தினார். நன்றி சொன்னால் குற்றத்தையும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவள் அன்று பேசாமல் இருந்துவிட்டாள். ஒரு நாள் தள்ளிய நன்றி ஒரு வாரம் தள்ளியது. பிறகு அதைச் சொல்ல வாயே வரவில்லை.

இப்படிப்பட்ட மாஸ்டருக்கு, கடைக்குப் பின்னால், மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு பூசணிக்கொடி இருந்தது. விதை அவருடைய அக்கா கொடுத்தது. அக்கா தோட்டம் போட்டிருந்த வீட்டை விட்டுவிட்டு மகனோடு மூன்றாவது மாடிக்குக் குடிபோனபோது, மிச்சமிருந்த ஐந்து விதைகளையும் தம்பி கையில் கொடுத்து, "காய்ச்சதும் எனக்கு விதை எடுத்துக் குடுடா. வேற எங்கயும் இந்த ரகம் கிடைக்காது" என்றிருந்தார். நான்கு அழுகிப்போயின. ஒன்று முளைத்தது.

முதல் பிஞ்சை ஈ கொட்டி அழுக வைத்தது. மாஸ்டர் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டார். முக்காட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய நெட் துணியில் மொட்டுகளுக்குப் பை தைத்தார். சாதாரணப் பை அல்ல. விளிம்பில் துணிப்பட்டை மடித்துப் பைப்பிங் வைத்த பை. சுருக்குக் கயிறு போட்டால் இடுக்கில் ஈ நுழையும் என்று, பிஞ்சோடு கூடிய ஒவ்வொரு மொட்டுக்கும் பையை மாட்டி, காம்பைச் சுற்றிக் கையாலேயே தைத்து மூடினார். ஓர் ஈகூட நுழைய முடியவில்லை. தேனீயும் நுழைய முடியவில்லை. பூக்கள் பைக்குள்ளேயே விரிந்து, பைக்குள்ளேயே வாடின. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன.

"மாஸ்டர், பூவுக்குச் சட்டை தைச்சீங்க சரி. ஒரு பட்டனாவது வெச்சிருக்கலாம், மூச்சு விடறதுக்கு," என்றார் அண்ணாச்சி.

"மாஸ்டர் மாமா, பூச்சி போகாட்டி காய்க்காது. டீச்சர் சொன்னாங்க," என்றாள் குழந்தை.

"உங்க டீச்சருக்குத் தையல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப பேசாதே." கத்திரியை மேசையில் வைத்தார். "இந்தக் கொடியைப் பத்தி இனிமே யாராவது வாயைத் திறந்தீங்க, நான் கத்திரியைத் தொட மாட்டேன். என் தையல்ல ஓட்டை இல்லாததுதான் குத்தமா?"

அன்றைக்கே தொலைபேசியில் அவருடைய அக்கா கூப்பிட்டார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "காய்ச்சிருக்குக்கா... ஆமா ஆமா... பெருசுதான்... தலையணை அளவு இருக்கும்." வாழ்க்கையில் ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் காது சிவந்திருந்தது. அண்ணாச்சி கொடியையே எட்டிப் பார்த்தார். இருந்தும், கத்திரியைத் தொட மாட்டேன் என்ற மிரட்டலை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, டீச்சர் திருத்தின நோட்டோடு குழந்தை வந்தாள். அம்மாவின் மடியில் அதை விரித்தாள்.

"அம்மா, குளவியும் மகரந்தம் சுமக்குமாம். டீச்சர் எழுதியிருக்காங்க. ஆனா அதைப் பாத்ததும் எல்லாரும் ஓடிடறதால, அது செய்யற வேலை யாருக்கும் தெரியறதில்லையாம்."

காஜா அக்கா அந்தச் சிவப்பு மை வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "பூசணிப் பூவுல ஆண் எது, பெண் எது? அந்தப் படத்தைக் காட்டு," என்றாள்.

"கீழ குட்டிப் பூசணி இருந்தா பெண். வெறும் காம்பு இருந்தா ஆண். உனக்கெதுக்கும்மா?"

"எறும்புக்கும் நாலு விஷயம் தெரிஞ்சிருக்க வேணாமா?"

அதற்குப் பிறகு நான்கைந்து நாள், மதிய இடைவேளையில் அவள் பழைய துணியில் இடது கையால் தைத்துப் பார்த்தாள். முதல் நாள் தையல் கோழி கிளறியதுபோல் இருந்தது.

"என்ன தங்கச்சி, ரெண்டு கையாலயும் காஜா எடுத்துச் சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்றார் அண்ணாச்சி.

"வலது கை வலிக்குதுண்ணே."

"இடது கையால தைச்சா மாஸ்டருக்குக் கோவம் வரும். அது அவரோட சொந்தச் சொத்து."

கொடியின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒரே ஒரு பிஞ்சு மொட்டு மிச்சம். அதற்கும் பை மாட்டியாயிற்று. ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். வலைக்குள் மொட்டின் நுனி மஞ்சளாகியிருந்தது. விடிந்தால் விரிந்துவிடும்.

படிக்கிறவர்கள் பதைப்போடு இருக்க வேண்டாம். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்த்தது.

பத்து நாளில் பையைப் பிய்த்துக்கொண்டு வருகிற அளவுக்குப் பருத்தது. மாஸ்டர் பெரிய பையாக இன்னொன்று தைத்து மாட்டினார். முற்றியதும் அதைத் தோளில் சுமந்துவந்து வெட்டு மேசைமேல் வைத்து, அளவு நாடாவால் சுற்றளவு எடுத்தார்.

"பாத்துக்குங்க எல்லாரும். வண்டு வரணும், தேனீ வரணும்னு பாடம் நடத்தினீங்களே. எது வந்துச்சு? பைதான் காப்பாத்துச்சு. தையல்!"

குழந்தை வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் தோளை லேசாக அழுத்தியது.

"ஆமா மாஸ்டர். உங்க தையல் இல்லேன்னா இதையும் ஈ கொட்டியிருக்கும்," என்றாள் காஜா அக்கா. அது பொய்யும் இல்லை.

அண்ணாச்சி காயைத் தட்டிப் பார்த்தார். "தலையணை அளவு இல்லையே மாஸ்டர்."

"குழந்தைத் தலையணை," என்றார் மாஸ்டர். அக்காவுக்குச் சொன்னது அன்றைக்குத்தான் மெய்யானது. மூன்று மாடி ஏறி அவரே கொண்டுபோனார். அக்கா ஒரு துண்டைச் சமைத்துத் தின்றுவிட்டு, உப்பு குறைச்சல் என்றாராம். பிறகு விதைகளை எண்ணாமல் அள்ளி முகத்தருகே வைத்து முகர்ந்து பார்த்தாராம். ஒரு பட்டன் டப்பா நிறைய விதை கடைக்குத் திரும்பி வந்தது. ஆளுக்கு நாலு.

இனி, அந்த வியாழக்கிழமைக் காலை.

அண்ணாச்சி எட்டு மணிக்குத்தான் கடையைத் திறப்பார். ஆறரைக்கெல்லாம் காஜா அக்கா மதிலின் பின்பக்கக் கதவுக் கொக்கியை விலக்கி உள்ளே வந்தாள். தெருவில் யாரும் இல்லை. பைக்குள் பூ விரிந்திருந்தது. தரையில் மண்டியிட்டு, பிரிப்பூசியால் காம்பைச் சுற்றியிருந்த தையலை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் தையல் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. குளவியின் தையல் அல்லவா.

பக்கத்தில் ஓர் ஆண் பூவைப் பறிக்கப் போனாள். உள்ளே ஒரு தேனீ தலைகீழாக இருந்தது. "நீ முடிச்சிக்கோ, அவசரமில்ல," என்று சொல்லிக் காத்திருந்தாள். அது உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து, வலைமேல் ஒரு தடவை முட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அது செய்ய வந்த வேலையைத்தான் அவளும் செய்தாள். இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டை மட்டும் பைக்குள் நுழைத்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். "ஆண்டவரே, இது ஒண்ணாவது நிக்கட்டும்," என்றாள்.

பிறகு ஊசியை இடது கைக்கு மாற்றினாள். அதே வெள்ளை நூல், அதே துளைகள். வேர்த்துவிட்டது. இரண்டு தையல் தவறாகப் போனது. பிரித்துத் திரும்பப் போட்டாள். கடைசியில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து வரிசையாக நின்றன. முடிச்சுப் போட்டு, வாயால் நூலைக் கடித்தாள்.

எழுந்தவள், ஏதோ நினைவு வந்து மறுபடி குனிந்தாள். முடிச்சுக்கு வெளியே அரை அங்குலம் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்ட நறுக்கி, தரையில் கிடந்த துணுக்குகளையும் ஒன்று விடாமல் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நூல் முனை தொங்கினால் அவருக்குப் பிடிக்காது.