எண்ணெய்த் தலையும் ஏறுகிற அருவியும்

அருவி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குத்தான் என்பதில் அபிதகுஜாம்பாளுக்குச் சந்தேகமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு அருவிக் குளியலுக்கு ஏங்கினாள். "சளி பிடிக்கும்" என்று சொல்லியே கணவர் யக்ஞநாராயணன் காலத்தை ஓட்டிவிட்டார். இந்த வருஷம்தான் மனிதர் மனமிரங்கினார். பீர்க்கன்கரணை துளசிங்கத்தின் வேனில் புறப்பட்டு, மலையடிவாரத்து லாட்ஜில் தங்கி, விடிந்ததும் உச்சந்தலை குளிர நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு மலையேறிவிட்டாள்.

மலைமேல் இருந்த வனவிலங்குச் சரணாலய வாசலில் வனக்காவலர் ஆல்வின் எண்ணெய் பாட்டிலையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"அம்மா, இது குளிக்கிற அருவி இல்லீங்க. மேல வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம், அவ்ளோதான். காத்து அடிச்சா தண்ணி மேல ஏறும். அதப் பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க."

தண்ணீர் மேலே ஏறுமாம்! யாரிடம் காது குத்துகிறார் இந்த மனிதர்? அவள் முகம் தொங்கிப்போனது. ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக நின்ற யக்ஞநாராயணனுக்கோ உள்ளூர ஏக குஷி.

"நான் சொன்னா கேட்டியா? பேசாம தாம்பரத்துலயே ஷவரைத் திறந்துண்டு நின்னிருக்கலாம்."

அவளுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் இதற்கா அழுவது என்று வெட்கமாகவும் இருந்தது. எல்லோரோடும் மேலே போய், நெற்றியில் எண்ணெய் வழிய, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பாறை விளிம்பிலிருந்து ஓடை பள்ளத்தாக்கில் குதித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று கீழிருந்து காற்று கிளம்பியது. விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பாதியில் தயங்கியது, திரும்பியது, மேலே ஏறி, வேலியைத் தாண்டி எல்லோர் தலையிலும் சோவென்று கொட்டியது.

"இன்னா மாமி இது, தண்ணி மேல ஏறி வந்துகினு கீது!" என்று கத்தியபடி துளசிங்கம் வேனைப் பார்த்து ஓடினார்.

மாமி நகரவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கூடவே மேலே வந்திருந்த ஆல்வின் பக்கத்தில் வந்தார்.

"நான் குளிக்கலைப்பா. அதுவா வந்து குளிப்பாட்டறது!"

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யக்ஞநாராயணன் தொப்பலாக நனைந்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே மங்கி கேப்பைக் கழற்றினார். வழுக்கையில் சாரல் பட்டதும் முணுமுணுப்பு நின்றது. மெல்ல அவளருகே வந்து, அவள் தலையிலிருந்து உள்ளங்கை நிறைய எண்ணெயை வழித்துத் தன் மண்டையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

"சளி பிடிக்குமே?"

"பிடிக்கட்டும். கொஞ்சம் தள்ளிக்கோ, அடுத்த காத்து வரது."