கறுத்தால் வெள்ளி

பழவேற்காடு ஏரி முகத்துவாரத்துக்கு வடக்கே ஒதுங்கிய உடலுக்கு முகம் இல்லை. மீனும் நண்டும் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். உயரத்தையும் தோளையும் பார்த்துவிட்டு, படகு கவிழ்ந்து காணாமல் போன தன் மகன் தேவேந்திரன்தான் என்று பச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டாள். கோட்டைக்குப்பமே சேர்ந்து அழுதது. மருமகள் கலைவாணி மட்டும் அழவில்லை. அந்த உடலின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைஞாண் கொடி பச்சை பூத்திருந்தது.

தேவேந்திரன் கட்டியிருந்தது அசல் வெள்ளி, கல்யாணத்தில் அவள் அப்பா போட்டது. எங்கள் ஆண்கள் அரைஞாணைக் கழற்ற மாட்டார்கள். செத்த பிறகு அறுப்பதோடு சரி. கலைவாணி தன் காலைத் தூக்கி, ஏரிச் சேற்றில் கறுத்துப்போன கொலுசை கான்ஸ்டபிளிடம் காட்டினாள். வெள்ளி என்றால் இப்படித்தான் கறுக்கும், பச்சை பூக்காது, இது வேறு யாரோ என்றாள். தாலியை இறக்க மனசில்லாமல் பேசுகிறாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மனசில்லைதான். யாருக்கு இருக்கும்?

டி.என்.ஏ. முடிவு வர நாளாகும் என்றார்கள். அவள் விடவில்லை. கடைசியில் அந்தக் கொடியைக் கவரில் போட்டுக்கொண்டு, கான்ஸ்டபிள் எங்களோடு பழவேற்காடு கடைத்தெருவில் இருந்த நகைக்கடைக்கு வந்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் துணையாக நானும் போனேன்.

கவரைப் பிரித்த மூர்த்தி பத்தர் கலைவாணியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொடியை உரைகல்லில் உரசி, திராவகத்தை ஒரு சொட்டு விட்டார். பச்சையாக நுரைத்தது.

"வெள்ளி இல்ல," என்றார்.

கலைவாணி மாமியாரின் கையைப் பிடித்து உலுக்கினாள். "சொன்னேன் இல்ல அத்தே? அவரு எங்கியோ கரையேறி இருப்பாரு." பச்சையம்மாவின் முகத்திலும் ஒரு நப்பாசை வந்தது. எவன் பெற்ற பிள்ளைக்கோ இத்தனை அழுதேனே என்று சிரித்தே விட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தர் மட்டும் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். பிணம் அனாதையாகப் போய்விடுமே என்று பயந்தார் போலிருக்கிறது.

"யம்மா, இது நான் குடுத்ததுதான். மாசி மகத்துக்கு முன்னால தேவேந்திரன் வந்து அவரோட அர்ணாக்கொடிய உருக்கச் சொன்னாரு. இடுப்பு சும்மா இருக்கக் கூடாதுன்னு இந்த முலாம் பூசினத மாட்டிக்கினு போனாரு. ஊட்ல சொல்லாதீங்கன்னாரு."

"உருக்கி இன்னா பண்ணாரு?"

பத்தர் அவள் கால்களைப் பார்த்தார்.

மாசி மகத்தன்றுதான் தேவேந்திரன் அந்தக் கொலுசைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டான். வலையில் எறா நன்றாகப் பட்டது, அதில் வாங்கினேன் என்றான். கவரிங்தானே என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"போட்டுக்கினு ஏரில எறங்கு," என்று சிரித்தானாம். "கறுத்துச்சுன்னா வெள்ளி."

கலைவாணி கடை வாசலிலேயே உட்கார்ந்து, கறுத்த கொலுசை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.