தலையாட்டிக் கேட்ட கேள்வி

கவுன்சிலிங் படிக்கப் போகிறேன் என்று டீச்சர் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஊரார் பிள்ளைகளின் காதைப் புண்ணாக்கியாயிற்று, இனிமேலாவது அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேள் என்று கணவர் மட்டும் கேலி செய்தார். கேலிதான், ஆனால் அதில் விஷயம் இருந்தது. பேசிப் பேசிப் பழகின வாயைக் கட்டிப்போடுவது லேசுப்பட்ட காரியமா? கூடப் படித்தவர்களெல்லாம் மகள் வயசு. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டு டீச்சர் என்றார்கள். படிப்பு நடந்த ஆலோசனை மையத்தில் வாசல் காவலர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

படிப்பின் கடைசிப் பகுதியில் நிஜ மனிதர்களோடு உட்கார வேண்டும். வருகிறவர் சம்மதித்தால் அறை மூலையில் இருக்கும் கேமராவை ஓட விடுவார்கள். மறுநாள் அந்தப் பதிவை மேற்பார்வையாளரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். டீச்சருக்கு வாய்த்த மேற்பார்வையாளர் உயரத்திலும் குறைவு, வயசிலும் குறைவு. முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் குட்டி மேடம் என்று பெயர். எந்தப் பதிவையும் அவள் முதலில் சத்தத்தோடு பார்ப்பாள், பிறகு சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு மறுபடி பார்ப்பாள். மாணவர்கள் இதை ஊமைப் படம் என்பார்கள். யார் மூக்கைச் சொறிந்தார்கள், யார் கொட்டாவியை விழுங்கினார்கள் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

டீச்சரிடம் வந்த முதல் ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவி செத்துப்போனதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடில்லை என்று தங்கைதான் வம்படியாக இழுத்து வந்தாள். ஆரம்ப வாரங்களில் மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். நேற்று வந்தபோது ஆளே மாறியிருந்தார். மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை. நன்றாகத் தூங்குகிறேன் என்றார். ஸ்பானர் செட்டு மொத்தத்தையும் கூட வேலை பார்க்கிற நண்பருக்குக் கொடுத்துவிட்டேன், மனசு லேசாகிவிட்டது என்றார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. யார் எவர் என்று சொல்லாமல், என் கை ராசியான கைதான் போலிருக்கிறது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டார்.

இன்று பதிவு ஓடியது. ஒரு கட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் அதைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தார். திரையில் குரல் பிசிறில்லாமல் வந்தது.

"தற்கொலை பண்ணிக்கணும்னு எப்பவாவது தோணுதா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்து, இல்லைங்க என்றார். டீச்சர் ஓரக்கண்ணால் குட்டி மேடத்தைப் பார்த்தார். நல்ல மதிப்பெண் வரும் என்ற நினைப்பு. அவள் சத்தத்தை அணைத்தாள்.

இப்போது திரையில் டீச்சரின் உதடுகள் மட்டும் அசைந்தன. உதடுகளோடு சேர்ந்து தலையும் அசைந்தது. இடமும் வலமுமாக, மெதுவாக, ஆனால் கண்டிப்பாக. மெக்கானிக் அந்தத் தலையைப் பார்த்தார். எதையோ சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு அவரும் அதே மாதிரி தலையை ஆட்டினார்.

இன்னொரு தடவை போடச் சொல்லி டீச்சர்தான் கேட்டார்.

அந்தத் தலையாட்டல் அவருக்குத் தெரியாததா? கரும்பலகை முன்னால் நிற்கும் பிள்ளை தப்பு விடையை எழுதக் கையைத் தூக்கும்போதே டீச்சர் தலையை ஆட்டிவிடுவார். பிள்ளை சட்டென்று அழித்துவிட்டு வேறு எழுதும். கணக்குத் தெரியாத பிள்ளைகள்கூட அவர் முகத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்துவிடும். அதைத் தன் சாமர்த்தியம் என்றே இதுநாள் வரை நினைத்திருந்தார்.

"எனக்குப் பயம், மேடம். அவர் ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல," என்றார்.

குட்டி மேடம் ஆறுதல் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து முதலில் தானும் ஏமாந்ததாகச் சொன்னாள். பிறகு, "தொழில் பண்றவர் ஸ்பானர் செட்டை எதுக்குக் குடுத்தாரு?" என்று கேட்டாள்.

டீச்சர் சட்டென்று எழுந்தார். போனை எடுத்தார். மெக்கானிக்கின் எண் அடித்து அடித்து நின்றது. அடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறாரே, காலையில்கூட அலமாரியைக் காலி பண்ணி யாருக்கு எது என்று பிரித்து வைத்தாரே என்று உற்சாகமாக ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவரைத் தனியாக விடாதே, நேராக இங்கே கூட்டிக்கொண்டு வா என்று குட்டி மேடம் போனை வாங்கிச் சொன்னாள். மாடியிலிருக்கும் மனநல மருத்துவரிடமும் தகவல் சொல்லி வைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. டீச்சர் வராந்தாவுக்கும் அறைக்குமாக அலைந்தார். தண்ணீர் பிடித்தார், குடிக்க மறந்தார். தெய்வமே, அந்தப் பெண் போய்ச் சேருகிற வரைக்கும் அவர் இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த வேலையே வேண்டாம், பேசாமல் வீட்டில் பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஒரு உயிரைப் பணயம் வைத்தா பாடம் படிக்க வேண்டும்?

போன் அடித்தது. ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகத் தங்கை சொன்னாள். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. வந்ததும் கேட்க வேண்டுமே.

"நீங்களே கேட்டுடுங்க, மேடம்."

"கேக்குறேன். ஆனா அவர் இல்லைன்னு சொன்னது உங்ககிட்ட. நான் பக்கத்துலயே இருக்கேன்."

மெக்கானிக் அதே இஸ்திரிச் சட்டையோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே தங்கை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குட்டி மேடம் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நேற்று கேட்டதைச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை கேட்கிறேன் என்று டீச்சர் சொன்னார். கழுத்தை விறைத்துக்கொண்டார்.

"தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?"

மெக்கானிக் அவர் முகத்தைத் தேடினார். விடை தெரியாத பிள்ளை தேடுகிற மாதிரி நெற்றி, கண், வாய் என்று ஒவ்வோர் இடமாகத் தேடினார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. டீச்சருக்கு எதையாவது சொல்லி அந்த மௌனத்தை அடைத்துவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

"ஆமாங்க," என்றார் மெக்கானிக்.

பிறகு அவரே தொடர்ந்தார். "நேத்தே சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க தலையை ஆட்டினீங்க. பாவம், இந்தம்மா பயப்படுறாங்க, இவங்க தலையில ஏன் இதையும் ஏத்தணும்னு விட்டுட்டேன்."

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பயந்தது நிஜம்தாங்க. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் நான் எங்கயும் போகல. சொல்லுங்க."

மெக்கானிக் மூச்சை இழுத்து விட்டார். எந்த நாள் என்று முடிவு செய்து வைத்திருந்தாரோ, அதிலிருந்து ஆரம்பித்தார். நாளைக்கு என்றார்.

டீச்சரின் கழுத்து நரம்பு விண்ணென்று வலித்தது. அவர் தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.