ஏழு பேருக்கும் பூஜ்யம்

ஆசிரியர் பயிற்சியின் கடைசி நாள். வகுப்பறை ஆய்வு அறிக்கையில் பேராசிரியரின் கையெழுத்து விழாவிட்டால் ஆசிரியைச் சான்றிதழ் கிடையாது. குச்சி டீச்சருக்கு அதுதான் தலைபோகிற கவலை. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கழித்தல் சொல்லிக்கொடுத்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

மூன்றாம் வகுப்பில் கடன்வாங்கிக் கழிக்கத் தெரியாத ஏழு பேரைப் பிரித்தெடுத்து, ஐந்து வாரம் வராந்தாவில் உட்காரவைத்துத் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினாள். போன வாரம் ஏழும் கரும்பலகையில் வெளுத்துவாங்கின. நேற்று கடைசித் தேர்வு வைத்தால், சொல்லிவைத்தாற்போல் ஏழு பேருக்கும் பூஜ்யம்.

கல்லூரியில் வழிகாட்டிப் பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "முன்னாடி மூணு மார்க் வாங்கினவங்க, நீங்க சொல்லிக்குடுத்தப்புறம் பூஜ்யமா? மறுதேர்வெல்லாம் செல்லாதும்மா. அடுத்த வருஷம் வேற பள்ளிக்கூடத்துல புதுசா பண்ணுங்க."

பக்கத்தில் நின்ற தோழி, தன் ஆய்வுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரே சாயங்காலத்தில் மார்க்குகளை இட்டுக்கட்டியவள். அவளுக்குக் கையெழுத்தும் ஆயிற்று, பாராட்டும் ஆயிற்று. "பேசாம நம்பரை மாத்திட்டு வா," என்று காதைக் கடித்தாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

குச்சி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பள்ளிக்குப் போய் ஏழு பேரையும் வராந்தாவுக்கு வரவழைத்தாள். அதில் வாயாடியை நிறுத்தி, "ஐம்பத்திரண்டுல இருபத்தேழு போனா?" என்றாள்.

"இருபத்தஞ்சு."

"அப்ப நேத்து ஏன் முப்பத்தஞ்சுனு எழுதின?"

வாயாடி மற்ற ஆறு பேரையும் பார்த்தாள். ஆறும் தரையைப் பார்த்தன.

"கணக்கு வந்துட்டா வராந்தா கிடையாது, கிளாஸ்லயே உக்காரணும்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. அதான் எல்லாரும் பேசிவெச்சு தப்பா எழுதினோம். இப்ப நீங்க தொடர்ந்து எங்களுக்குச் சொல்லிக்குடுப்பீங்கல்ல?"

குச்சி டீச்சர் திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "இன்னையோட என் பயிற்சி முடிஞ்சுதும்மா. நாளைலேர்ந்து வரமாட்டேன்."

"சரியா எழுதியிருந்தாலும் வரமாட்டீங்களா?"

"வரமாட்டேன்."

வாயாடி சற்று யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அப்ப பேப்பரைக் குடுங்க டீச்சர். இப்பவே சரியா எழுதித் தர்றோம்."

"எழுதினது எழுதினதுதான்," என்றாள் குச்சி டீச்சர். ஒரு வருடம் போயே போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏழு பேரில் ஒருவரும் வகுப்புக்கு எழுந்து போகவில்லை.